வீட்டுப் புத்தக அலமாரியை அமைப்பதும் அழகுபடுத்துவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாக வீடு மாறியவர்களும், பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கும் வயதை எட்டிய பெற்றோரும், பெரியவர்கள் விட்டுச் சென்ற புத்தகங்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் பெட்டியிலேயே கட்டி வைத்திருப்பவர்களும் பல ஆண்டுகளாக என்னிடம் கேட்டுவரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். வீட்டின் அலமாரி கண்ணுக்கு அழகாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த அழகு, வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் கையும் தடையில்லாமல் புத்தகத்தை எட்டுவதிலிருந்து வர வேண்டும் என்று நம்புகிறேன். கீழே உள்ள பதில்களை அந்த நம்பிக்கையோடுதான் எழுதியிருக்கிறேன்.

அலமாரி வாங்குவதற்கோ செய்வதற்கோ முன்பு எதை அளக்க வேண்டும்?

பெரும்பாலோர் சுவரை அளக்கிறார்கள். முதலில் அளக்க வேண்டியது புத்தகங்களை. ஒரு விடுமுறை நாளில் வீட்டில் உள்ள எல்லாப் புத்தகங்களையும் தரையில் இறக்கி, உயரத்தை மட்டும் பார்த்து மூன்று நான்கு வரிசைகளாக நிறுத்துங்கள். கிரவுன் அளவுப் புத்தகங்கள் சுமார் 18 செ.மீ. உயரம் இருக்கும், டெம்மி அளவு 21 முதல் 22 செ.மீ. வரை வரும், பாடப் புத்தகங்களும் படக்கதைகளும் ஓவிய நூல்களும் 30 செ.மீ. வரையும் அதற்கு மேலும் போகும். ஒவ்வொரு வரிசையின் நீளத்தையும் டேப்பால் அளந்து குறித்துக்கொண்டால், எந்த உயரத்தில் எத்தனை மீட்டர் தட்டு வேண்டும் என்பது துல்லியமாகத் தெரிந்துவிடும். தரையில் இறக்க வசதி இல்லாவிட்டால், ஒரு புத்தகத்தின் சராசரித் தடிமன் 2 செ.மீ. என்று கொண்டு, மீட்டருக்கு 50 புத்தகங்கள் எனக் கணக்கிடலாம்.

புத்தகத்தின் உயரத்திற்கு மேல் 3 செ.மீ. இடைவெளி விடுங்கள். விரல் நுழைவதற்கு அந்த இடம் வேண்டும். ஆழத்தைப் பொறுத்தவரை 25 செ.மீ. பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். பெரிய நூல்களுக்காக அடித்தட்டை மட்டும் 30 அல்லது 33 செ.மீ. ஆழத்தில் அமைத்துக்கொள்ளலாம். ஆழம் 40 செ.மீ. இருந்தால் நாளடைவில் இரண்டு வரிசையாக அடுக்கத் தொடங்கிவிடுவோம், பின்வரிசைக்குப் போன புத்தகம் இருப்பதையே வீட்டார் மறந்துவிடுவார்கள்.

கணக்கிட்ட நீளத்தோடு கால் பங்கைக் கூட்டிக்கொள்ள வேண்டும். எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வகுத்து வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் கடைசி விதி, நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர் என்பது. பெரிய நூலகங்களை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்ட அந்த விதி, பிள்ளைகள் இருக்கும் வீட்டிற்கு இன்னும் கூடுதலாகவே பொருந்துகிறது, ஏனென்றால் பிள்ளைகளின் புத்தகங்கள் எண்ணிக்கையில் மட்டுமல்லாமல் அளவிலும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறிவிடுகின்றன. அதனாலேயே தட்டுகளை மேலும் கீழும் நகர்த்தக்கூடிய அலமாரியே வீட்டிற்கு ஏற்றது.

பலகை தொய்ந்துபோகாமல் இருக்க எவ்வளவு நீளமும் தடிமனும் வேண்டும்?

இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் தவற்றை நானே செய்திருக்கிறேன். முதன்முதலில் செய்வித்த அலமாரியில், நடுவில் தாங்கி வந்தால் பார்வைக்கு இடறும் என்று எண்ணி, 120 செ.மீ. நீளத்திற்கு 18 மி.மீ. பார்ட்டிகிள் போர்டை (மரத்துகள்களைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) போடச் சொன்னேன். ஒரே ஆண்டில் தட்டின் நடுப்பகுதி விரற்கடை அளவு இறங்கி, புத்தகங்கள் இரு பக்கத்திலிருந்தும் நடுவை நோக்கிச் சாய்ந்துவிட்டன. புத்தகங்களை எல்லாம் எடுத்த பிறகும் பலகை பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

அடுக்கிய புத்தகங்களின் எடையைப் பலரும் குறைவாக மதிப்பிடுகிறார்கள். சாதாரணப் புத்தகங்கள் ஒரு மீட்டருக்கு 20 முதல் 30 கிலோ வரை இருக்கும்; வழவழப்பான தாளில் அச்சிட்ட பெரிய நூல்கள் இதைவிடக் கனமானவை. ஒரே சீராகச் சுமை ஏற்றிய பலகையின் தொய்வு, நீளத்தின் நான்காம் மடிக்கு ஏற்பக் கூடும். தடிமனின் மூன்றாம் மடிக்கு ஏற்பக் குறையும். அதாவது நீளத்தை இரட்டித்தால் தொய்வு 16 மடங்காகும். என்னுடைய 120 செ.மீ. தட்டை 80 செ.மீ. ஆகக் குறைத்திருந்தால், அதே பலகையிலேயே தொய்வு ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்திருக்கும். நீளத்தை மாற்றாமல் 18 மி.மீ. பலகைக்குப் பதிலாக 25 மி.மீ. போட்டிருந்தாலும் இரண்டரை மடங்குக்கு மேல் குறைந்திருக்கும்.

நடைமுறையில் இப்படி வைத்துக்கொள்ளலாம்: 18 மி.மீ. பார்ட்டிகிள் போர்டு அல்லது எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) என்றால் தாங்கிகளுக்கு இடையே 60 முதல் 70 செ.மீ.க்கு மேல் போக வேண்டாம். அதே தடிமனில் நல்ல பிளைவுட் என்றால் 80 செ.மீ. வரை போகலாம். ஏற்கனவே நீளமான தட்டு இருக்கிறது, மாற்ற முடியாது என்பவர்கள், 4 செ.மீ. அகலமுள்ள மரச் சட்டத்தைத் தட்டின் முன்விளிம்பில் செங்குத்தாக ஒட்டி ஸ்க்ரூ போட்டுவிட்டால் பலகை வெகுவாக உறுதிப்படும். விளிம்பும் தடிமனாகத் தெரிவதால் அலமாரிக்கே ஒரு நிறைவான தோற்றம் கிடைக்கும். உங்கள் தட்டு தொய்ந்திருக்கிறதா என்று அறிய ஒரு நூலை எடுத்து, முன்விளிம்பின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நடுவில் நூலுக்கும் பலகைக்கும் இடையே தெரியும் சந்துதான் தொய்வின் அளவு.

அலமாரியைச் சுவரோடு பிணைப்பது அவசியமா?

அவசியம். இடுப்பளவுக்கு மேல் உயரமுள்ள எந்த அலமாரியையும், அது எவ்வளவு கனமாக இருந்தாலும், சுவரோடு பிணைக்க வேண்டும். சிறு குழந்தைக்கு அலமாரியின் தட்டுகள் ஏணிப்படிகளாகவே தெரியும். அது முதல் தட்டில் கால் வைத்து இரண்டாம் தட்டைப் பிடித்துத் தொங்கும்போது முழு எடையும் முன்பக்கம் விழுந்து அலமாரி கவிழ்கிறது. ஐந்து தட்டுள்ள அலமாரியில் புத்தகங்கள் மட்டுமே நூறு கிலோவைத் தாண்டும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். மேல் விளிம்பில் இரண்டு இடங்களில் எல் வடிவ இரும்புப் பட்டையை வைத்து, செங்கல் அல்லது கான்கிரீட் சுவரில் டிரில் செய்து, பிளக் அடித்து ஸ்க்ரூவை முடுக்க வேண்டும். உள்ளே வெற்றிடமுள்ள தடுப்புச் சுவரானால், உள்ளிருக்கும் சட்டத்தைத் தேடி அதில்தான் பொருத்த வேண்டும். வெறும் பலகைச் சுவர் இந்த எடையைத் தாங்காது. கனமான புத்தகங்களை அடித்தட்டில் வையுங்கள். குழந்தைக்கு ஆசை தூண்டும் பொம்மையை மேல்தட்டில் காட்சிக்கு வைக்காதீர்கள்.

வீட்டில் எந்த இடம் அலமாரிக்கு ஏற்றது?

வீட்டார் உட்காரும் இடத்திற்கு அருகே என்பது முதல் விடை. யாரும் போகாத அறையில் எவ்வளவு நேர்த்தியாக அடுக்கி வைத்தாலும் அந்தப் புத்தகங்களை யாரும் எடுக்கமாட்டார்கள். தாழ்வாரத்திலோ, கூடத்திலோ, படுக்கைக்குப் பக்கத்திலோ நாற்காலி ஒன்று போட இடம் இருந்தால் அதுவே நல்ல இடம்.

அதற்கு அடுத்தபடியாக வெயிலையும் ஈரத்தையும் பார்க்க வேண்டும். சன்னலுக்கு நேர் எதிரில் சில ஆண்டுகள் நின்ற வரிசையிலிருந்து உயரமான ஒரு புத்தகத்தை உருவிப் பாருங்கள். பக்கத்தில் நின்ற குட்டைப் புத்தகம் மறைத்திருந்த பகுதியில் அட்டை புதிதாக, அச்சடித்த நாளின் சிவப்போடு இருக்கும். அதற்கு மேலே வெளியே தெரிந்த விரல் அகலப் பட்டை மட்டும் வெளுத்து, அழுக்கு மஞ்சளாகக் கிடக்கும். குட்டைப் புத்தகத்தின் தலைப்பகுதி எந்த இடத்தில் இருந்தது என்பதை நேர்கோடாகவே காணலாம். சிவப்பும் மஞ்சளும் பெரும்பாலும் முதலில் மங்குகின்றன, நீலமும் கறுப்பும் சற்று நாள் தாங்குகின்றன. ஒளியால் நேரும் இந்த இழப்பைத் திரும்பப் பெற வழியில்லை. சன்னலுக்குப் பக்கச் சுவரே பாதுகாப்பானது. வேறு இடமே இல்லை என்றால் திரைச்சீலை போடுங்கள்.

மழையில் நனையும் வெளிச்சுவரையும், குளியலறைக்கு மறுபக்கம் உள்ள சுவரையும் தவிர்ப்பது நல்லது. காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். அலமாரியின் பின்பக்கத்திற்கும் சுவருக்கும் இடையே இரண்டு மூன்று செ.மீ. சந்து விட்டால் காற்று ஓடும். தரையிலிருந்து முதல் தட்டு 10 செ.மீ. உயரத்தில் தொடங்கினால், வீடு கழுவும்போது தெறிக்கும் தண்ணீரிலிருந்தும் புத்தகம் தப்பும்.

எந்த வரிசையில் அடுக்கினால் தேடும்போது உடனே கிடைக்கும்?

மெல்வில் டூயி 1876-இல் வெளியிட்ட தசமப் பகுப்பும், ரங்கநாதன் 1933-இல் வெளியிட்ட கோலன் பகுப்பும், புத்தகங்களுக்குப் பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்கும் முறைகள்; பெரும் நூலகங்களுக்காக உருவானவை. சில நூறு புத்தகங்கள் உள்ள வீட்டில் எண் ஒட்டி அடுக்க முயன்றவர்கள் யாரும் அதைத் தொடர்ந்து செய்ததை நான் பார்த்ததில்லை. வீட்டில் புத்தகத்தைத் தேடுகிறவர் மனத்தில் என்ன நினைத்துத் தேடுகிறாரோ அந்த வழியில் அடுக்குவதே சரி. சமையல் குறிப்பைத் தேடுபவர் ஆசிரியர் பெயரை நினைப்பதில்லை. கதைப் புத்தகத்தைத் தேடுபவர் பெரும்பாலும் ஆசிரியரைத்தான் நினைக்கிறார். பயண நூலைத் தேடுபவருக்கு ஊர்தான் நினைவுக்கு வருகிறது. ஆகவே முதலில் பொருள்வாரியாக ஆறு அல்லது எட்டுப் பெரும் பிரிவுகளாகப் பிரித்துவிட்டு, கதை, கவிதை, கட்டுரை ஆகியவற்றிற்குள் மட்டும் ஆசிரியர் பெயர் வரிசையை வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் வரிசையில் தமிழ்ப் பெயர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. முன்னால் நிற்கும் தலைப்பெழுத்தைக் கணக்கில் எடுத்தால், ஒரே ஆசிரியரின் புத்தகம் ஓர் அட்டையில் தலைப்பெழுத்தோடும் இன்னோர் அட்டையில் இல்லாமலும் அச்சாகியிருக்கும்போது இரண்டு இடங்களுக்குப் போய்விடும். பெயரை மட்டும் பார்த்து, அகரத்திலிருந்து தொடங்கி உயிரெழுத்துகள், பிறகு உயிர்மெய் என்று போய், ஜ, ஷ, ஸ, ஹ ஆகியவற்றை ‘ன’ வரிசைக்குப் பின்னால் வைப்பது என்று வீட்டில் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் குழப்பம் தீரும். புனைபெயரா இயற்பெயரா என்ற கேள்வி வந்தால், அட்டையில் எது இருக்கிறதோ அதையே பின்பற்றுங்கள்.

தமிழ், ஆங்கிலம் எனப் பிரிப்பதா, கலந்து வைப்பதா என்பதும் கேட்கப்படுகிறது. கதைகளுக்குப் பிரிப்பது வசதி. அறிவியல், வரலாறு, தோட்டம் போன்றவற்றில் நான் கலந்தே வைக்கிறேன். ஆங்கில நூலைத் தேடிப் போன பிள்ளையின் கண்ணில் பக்கத்தில் உள்ள தமிழ் நூல் படுவது மிக நல்லது.

நிற வாரியாக அடுக்குவது சரியா?

பார்ப்பதற்கு மனத்தைக் கவரும் முறை அது. நூறு புத்தகங்களுக்குக் குறைவாக உள்ள வீட்டில், அட்டையின் நிறத்தை நினைவில் வைத்துத் தேடுகிறவர்களுக்கு ஓரளவு உதவவும் செய்யும். எழுத்து அறியாத குழந்தையின் தட்டில் இதைத் தயங்காமல் செய்யலாம், ஏனென்றால் விளையாடி முடித்த குழந்தை சிவப்புப் புத்தகத்தைச் சிவப்பின் பக்கத்தில் தானே கொண்டுபோய் வைத்துவிடும். புத்தகங்கள் கூடக்கூட இந்த முறை தாங்காது. மூன்று பாகமாக வந்த நாவலின் பாகங்கள் மூன்று நிறங்களில் இருந்தால் அவை மூன்று தட்டுகளுக்குப் பிரிந்துவிடுகின்றன, அது எனக்கு ஒப்புதலில்லை. பொருள்வாரியாக அடுக்கிய பிறகு, ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் வெளிர் அட்டைகளை ஒருபுறமும் அடர்நிற அட்டைகளை மறுபுறமும் ஒதுக்கிப் பாருங்கள். தேடுவதற்கும் தடையில்லை, கண்ணுக்கும் ஓர் ஒழுங்கு கிடைத்துவிடும்.

புத்தகத்தின் முதுகைச் சுவர்ப்பக்கம் திருப்பி, தாள்களின் விளிம்பு மட்டும் தெரியும்படி வைப்பது அழகாக இருக்கிறதே?

ஒரே சீரான வெளிர் நிறத்தில் அறை அமைதியாகத் தெரியும் என்பது உண்மைதான். இது புதிய வழக்கமும் அல்ல. இங்கிலாந்தின் ஹியர்ஃபோர்டு பேராலயத்தில் இன்றும் இருக்கும் சங்கிலி நூலகத்தில் புத்தகங்கள் அப்படித்தான் நிற்கின்றன: திருட்டைத் தடுக்கும் சங்கிலி முன்னட்டையின் ஓரத்தில் பொருத்தப்பட்டிருப்பதால், சிக்காமல் எடுப்பதற்காக முதுகை உட்புறம் வைத்தார்கள். முதுகில் பெயர் எழுதும் வழக்கம் வேரூன்றாத காலத்தில் அதனால் இழப்பு ஒன்றும் இல்லை. இன்று முதுகில்தான் பெயர் இருக்கிறது. அதை மறைத்துவிட்டால் வீட்டிற்கு வருகிறவரும் படிக்க முடியாது, வீட்டுப் பிள்ளைகளும் நாள்தோறும் அந்தப் பெயர்களைக் கண்ணில் படித்துப் பழகுகிற வாய்ப்பை இழக்கிறார்கள். இதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

குழந்தைகளின் புத்தகங்களை எப்படி வைப்பது?

தரையில் உட்கார்ந்திருக்கும் குழந்தை எழுந்திருக்காமலே எடுக்கும் உயரத்தில் வையுங்கள். ஐந்து வயதுவரை, தட்டின் உயரம் 90 செ.மீ.க்குள் இருந்தால் போதும். அந்த வயதுக் குழந்தைக்கு முதுகில் உள்ள எழுத்து பயன்படாது, முன்னட்டையின் படம்தான் பெயர்ப்பலகை. ஆகையால் பத்துப் பன்னிரண்டு புத்தகங்களையாவது முன்னட்டை தெரியும்படி சாய்த்து வைக்க வேண்டும். சுவரோடு ஒட்டி 8 செ.மீ. ஆழமுள்ள குறுகிய தட்டும், விழாமல் தடுக்க முன்னால் ஒரு சிறு சட்டமும் இருந்தால் இதற்குப் போதுமானது. மீதிப் புத்தகங்களை ஒரு கூடையில் வைத்து, இரண்டு வாரத்திற்கு ஒருமுறை நான்கைந்தை மாற்றிக்கொண்டே இருங்கள்; ஏற்கனவே படித்த புத்தகம் திரும்ப வரும்போது குழந்தை அதைப் பழைய நண்பனைக் கண்டதுபோல் வாங்கிக்கொள்கிறது.

கிழிந்துவிடும் என்று அஞ்சி நல்ல படப் புத்தகங்களை மேல்தட்டில் பூட்டி வைக்கும் வீடுகள் பல. அது வேண்டாம் என்று மனமார வேண்டிக்கொள்கிறேன். படித்ததனால் கிழிந்த பக்கத்தை ஒட்டிக்கொள்ளலாம், ஆனால் மூன்று வயதில் பார்த்திருக்க வேண்டிய படத்தைப் பத்து வயதில் காட்டிப் பயனில்லை. எட்டு ஒன்பது வயதுக்கு மேல் பிள்ளைகளிடமே ஒரு தட்டை ஒப்படைத்து, எப்படி அடுக்குவது என்பதையும் அவர்களே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிடுங்கள்.

அலமாரியில் படங்கள், சிலைகள், செடிகள் போன்றவற்றை எவ்வளவு வைக்கலாம்?

முதலில் எல்லாப் புத்தகங்களையும் அடுக்கி முடியுங்கள். மீதியுள்ள வெற்றிடத்தில்தான் அழகுப் பொருள்களுக்கு உரிமை. புத்தக வரிசையின் முன்னால் எதையும் நிறுத்தக்கூடாது; ஒரு புத்தகத்தை எடுக்க மூன்று பொம்மைகளை நகர்த்த வேண்டியிருந்தால் நாளடைவில் அந்தப் புத்தகத்தை யாரும் எடுக்கமாட்டார்கள். ஒவ்வொரு தட்டிலும் சிறுசிறு பொருள்களைத் தூவுவதைவிட, மூன்று தட்டுகளுக்கு ஒன்றாகக் கையகலத்திற்குக் குறையாத ஒரு பொருளை வைப்பது நிறைவாக இருக்கும். எதிரே நின்று பார்க்கும்போது அந்தப் பொருள்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நேர்கோட்டில் அமையாமல், ஒன்று இடப்புறம், அடுத்தது வலப்புறம், பிறகு நடு என்று மாறி அமைந்தால் கண் அலமாரி முழுவதும் உலவும். ஒரு தட்டின் ஒரு பகுதி முழுக்கக் காலியாகவும் இருக்கலாம். அடர்த்தியான வரிசைகளுக்கு நடுவே அந்த வெற்றிடமே அழகு, நாளை வரும் புத்தகத்திற்கும் அதுவே இடம்.

எதை வைப்பது என்பதில் என் விருப்பத்தைச் சொல்லிவிடுகிறேன். கடையில் அலங்காரத்திற்கென்று விற்கும் பொருள்களைவிட வீட்டோடு தொடர்புள்ள பொருள் சிறந்தது: தாத்தா பயன்படுத்திய மூக்குக் கண்ணாடிக்கூடு, கடற்கரையில் பிள்ளை பொறுக்கிய கல், பழைய குடும்பப் படம் ஒன்று. பயண நூல்களின் பக்கத்தில் அந்தப் பயணத்தில் எடுத்த படம் இருந்தால் அந்தப் பிரிவுக்குத் தனியாகப் பெயர் ஒட்டத் தேவையில்லை.

தண்ணீர் ஊற்றும் செடியும் பூச்சாடியும் புத்தகத்தோடு ஒரே தட்டில் இருக்கக்கூடாது; அலமாரியின் உச்சியில் வைத்தாலும் வழியும் நீர் கீழே உள்ள எல்லாத் தட்டுகளுக்கும் இறங்கும். மெழுகுவத்தி, ஊதுவத்தி ஆகியவற்றிற்கு அலமாரிக்குப் பக்கத்தில் இடமே இல்லை.

புத்தகங்களை நிமிர்த்தி வைப்பதா, படுக்கவைப்பதா?

சாதாரண அளவுப் புத்தகங்கள் நேராக நிற்க வேண்டும். சாய்ந்து நிற்கும் புத்தகத்தின் முதுகு ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டு, சில மாதங்களில் அந்த வளைவு நிலைத்துவிடும். வரிசை நிறையவில்லை என்றால் இறுதியில் தாங்கி ஒன்று வையுங்கள், அல்லது மூன்று நான்கு புத்தகங்களைப் படுக்கவைத்து அதையே தாங்கியாக்குங்கள். கனமான பெரிய நூல்களுக்குப் படுத்த நிலைதான் நல்லது, ஏனென்றால் நிற்கும்போது உள்தாள்களின் எடை பைண்டிங்கை அட்டையிலிருந்து இழுத்துக்கொண்டே இருக்கும். அடுக்கில் நான்குக்கு மேல் வேண்டாம்.

வரிசையை இறுக்கியும் வைக்காதீர்கள். இறுகிய வரிசையிலிருந்து புத்தகத்தை எடுப்பவர் ஆள்காட்டி விரலை முதுகின் உச்சியில் கொக்கிபோல் மாட்டி இழுக்கிறார். பழைய கெட்டி அட்டைப் புத்தகங்களைப் பாருங்கள், முதுகின் தலைப்பகுதித் துணி முதலில் பிரிந்து, பிறகு நூல்நூலாகத் தொங்கிக்கொண்டிருக்கும். அத்தனையும் அந்த ஒரு விரல் செய்த வேலை. வேண்டிய புத்தகத்தின் இரு பக்கத்துப் புத்தகங்களையும் சற்று உள்ளே தள்ளிவிட்டு, வெளியே நிற்கும் புத்தகத்தின் முதுகை நடுவில் பிடித்து எடுக்க வேண்டும். பிள்ளைகளுக்கு இதை ஒருமுறை செய்து காட்டினால் போதும், பிறகு அவர்கள் பெரியவர்களைத் திருத்துவார்கள்.

அலமாரிக்கு விளக்கு வைக்கலாமா?

வைக்கலாம். எல்.இ.டி. பட்டை விளக்கு வெப்பத்தையும் புற ஊதாக் கதிரையும் மிகக் குறைவாகவே வெளியிடுகிறது. 2700 முதல் 3000 கெல்வின் வரையுள்ள இதமான மஞ்சள் ஒளியைத் தேர்ந்தெடுத்து, பட்டையைத் தட்டின் பின்புறத்தில் ஒட்டாமல் முன்விளிம்பின் அடியில் உள்நோக்கி ஒட்டுங்கள். பின்னால் ஒட்டினால் புத்தகங்கள் நிழலுருவாகத் தெரியுமே தவிர, பெயரைப் படிக்க முடியாது. பழைய ஹாலஜன் விளக்குகள் வேண்டாம்.

கண்ணாடிக் கதவு தேவையா?

தூசி அதிகமுள்ள வீட்டில் அது பெரிய உதவி. அடிக்கடி எடுக்கும் புத்தகங்களுக்கும் குழந்தைகளின் புத்தகங்களுக்கும் கதவில்லாத தட்டும், அரிய பழைய நூல்களுக்குக் கதவுள்ள தட்டும் என்று ஒரே அலமாரியைப் பிரித்துக்கொள்வது நல்லது. மூடிய அலமாரியைக் காற்றில் ஈரம் குறைந்த நாள்களில் வாரம் ஒருமுறை திறந்து வையுங்கள்.

பூச்சிகளிடமிருந்து எப்படிக் காப்பது?

எந்தப் பூச்சி என்று கண்டுபிடித்தால்தான் மருந்து தெரியும். தாளின் மேற்பரப்பு ஒழுங்கற்ற திட்டுகளாகச் சுரண்டப்பட்டு, பசை இருந்த இடம் மட்டும் அரிக்கப்பட்டிருந்தால் அது இராமபாணப் பூச்சி. இருட்டும் ஈரமும் அதற்குப் பிடித்தவை. குண்டூசி குத்தியதுபோல் வட்டத் துளைகள் பல பக்கங்களை ஊடுருவிப் போயிருந்தால் அது வண்டின் புழு. சுவரோரம் மண் கோடு தெரிந்தால் கரையான். அப்போது புத்தகத்தை மட்டும் துடைத்துப் பயனில்லை, உடனே அலமாரியைக் காலிசெய்து, வீட்டிற்கே மருந்தடிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். பக்கங்களுக்கிடையே தூசிபோல் நகரும் வெளிர்நிறச் சிற்றுயிர் தெரிந்தால் அங்கே கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை இருக்கிறது என்று பொருள், ஈரத்தைக் குறைத்தால் அது தானே போய்விடும்.

பூச்சி பிடித்த சில புத்தகங்களைக் காப்பாற்ற நம்பகமான வழி குளிர். புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் காற்றை வெளியேற்றி இறுக மூடி, மைனஸ் 18 டிகிரியில் இயங்கும் உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்த பிறகு ஒரு நாள் முழுவதும் பையைத் திறக்காதீர்கள். உடனே திறந்தால் குளிர்ந்த தாளின்மேல் ஈரம் படியும்.

நாப்தலின் உருண்டைகளைக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் வைக்கவே வேண்டாம். மிட்டாய் என்று எண்ணிக் குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும் ஆபத்து ஒருபுறம். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள்களின் பட்டியலில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2002-இல் அதைச் சேர்த்தது என்பது மறுபுறம். மருந்துகள் எல்லாவற்றையும்விட, மூன்று மாதத்திற்கு ஒருமுறை ஒரு தட்டு வீதம் எடுத்துத் தட்டித் துடைத்து வைப்பதே பூச்சிகளை அண்டவிடாது. துடைக்கும்போது புத்தகத்தை இறுக மூடிப் பிடித்து, முதுகுப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மென்மையான உலர்ந்த தூரிகையால் தள்ளுங்கள். ஈரத்துணி பலகைக்கு மட்டுமே.

பெரியவர்கள் விட்டுச் சென்ற, தொட்டால் உதிரும் புத்தகங்களை என்ன செய்வது?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து தாள் மரக்கூழில் செய்யப்பட்டது. மை ஊறாமலிருக்கப் படிகாரம் கலந்த பசையும் சேர்த்தார்கள். அதில் உருவாகும் அமிலமே தாளைப் பழுப்பாக்கி முறியவைக்கிறது. வெளியில் பளிச்சென்று இருக்கும் பைண்டிங் போட்டாலும் உள்தாளின் நோய் தீராது. விளிம்பை வெட்டிப் பைண்ட் செய்தால் ஓரத்தில் பெரியவர்கள் பென்சிலால் எழுதிய குறிப்புகளும் போய்விடும். செல்லோடேப், ரப்பர் பேண்டு, குண்டூசி மூன்றும் கூடாது. டேப்பின் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும். அமிலம் நீக்கிய அட்டைப் பெட்டியில் படுக்கவைத்து, மூடியில் நூலின் பெயரையும் அது யாருடையது என்பதையும் எழுதி, அலமாரியிலேயே மற்றவற்றோடு வையுங்கள். பக்கங்களைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டால் படிப்பதற்கு அதைப் பயன்படுத்தலாம்.

வீட்டில் ஒவ்வொருவரின் விருப்பமும் வேறாக இருக்கும்போது பொது அலமாரியை எப்படிப் பங்கிடுவது?

ஆள்வாரியாகப் பிரிக்காமல் பொருள்வாரியாகக் கலந்துவிடுவதே என் பரிந்துரை, ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரே ஒரு தட்டைத் தவிர. கணவன் மனைவி இருவரிடமும் ஒரே புத்தகம் இருந்தால் அவசரப்பட்டு ஒன்றைக் கொடுத்துவிடாதீர்கள். யாருடைய பிரதியில் அடிக்கோடுகள் இருக்கின்றன என்று முதலில் பாருங்கள். முட்டியும் முதுகும் வலிக்கும் பெரியவர்களின் புத்தகங்கள் இடுப்புக்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட உயரத்தில்தான் இருக்க வேண்டும். வீட்டின் பொதுவான அழகு கெடுகிறது என்று சொல்லி, ஒருவரின் துப்பறியும் கதைகளையோ மாத இதழ்களையோ கட்டிலுக்கு அடியில் தள்ளுவது சரியல்ல.

இடம் போதவில்லை. எதை வெளியே அனுப்பலாம்?

காலாவதியான கணினிக் கையேடுகள், பழைய நுழைவுத்தேர்வு வழிகாட்டிகள், இரண்டாவது பிரதிகள் ஆகியவற்றை முதலில் அனுப்புங்கள். படிக்காமல் இருப்பது மட்டும் ஒரு புத்தகத்தை நீக்கக் காரணமாகாது. தயக்கமுள்ளவற்றைப் பெட்டியில் போட்டுத் தேதி எழுதி ஆறு மாதம் வைத்திருங்கள். அதற்குள் யாராவது அதைத் தேடி வந்தால் அலமாரிக்குத் திருப்புங்கள். இல்லாவிட்டால் நூலகத்திற்கோ, படிக்க ஆள் இருக்கும் இன்னொரு வீட்டிற்கோ கொடுத்துவிடலாம். பிள்ளைகளின் புத்தகத்தை அவர்களைக் கேட்காமல் அனுப்ப வேண்டாம்.

இரவல் போன புத்தகங்களை எப்படி நினைவில் வைப்பது?

பழைய அட்டைகளைப் புத்தக அகலத்திற்கு வெட்டி, ஒரு பத்துப் பதினைந்தை அலமாரியின் ஓரத்திலேயே ஒரு பென்சிலோடு வைத்திருங்கள். யாருக்காவது புத்தகம் கொடுக்கும்போது, அதன் பெயர், வாங்கியவர், தேதி ஆகிய மூன்றையும் ஓர் அட்டையில் எழுதி, புத்தகம் இருந்த அதே சந்தில் அட்டையின் தலை சற்று வெளியே தெரியும்படி செருகிவிடுங்கள். புத்தகம் திரும்பி வந்ததும் அந்த வரியை அடித்துவிட்டு அதே அட்டையை மறுபடியும் பயன்படுத்தலாம். என் அலமாரியில் இப்போது மூன்று அட்டைகள் நிற்கின்றன; அவற்றில் ஒன்றில் தேதி எட்டு ஆண்டுகளுக்கு முந்தையது, அந்த இடத்தை இன்னும் வேறு புத்தகத்திற்குக் கொடுக்கவில்லை.